முழந்தாளிட்ட ஆயரும் நாபோத்தின் நிலமும்

(வானொலி மறையுரை – மறுபதிப்பு)



2020 ஜூன் 1ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரப் பூங்கா ஒன்றில், அம்மறைமாவட்ட ஆயர் மார்க் சைட்ஸ் தம் குருக்களோடு முழந்தாளிட்டார். கையில் ஓர் அட்டை. அதில் மூன்று ஆங்கிலச் சொற்கள். தமிழில் சொல்வதானால், 'கறுப்பர் உயிரும் உயிரே'. 8 நிமிடம் 46 விநாடி அவர் பேசாமல் அப்படியே இருந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு உரோமையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் திருத்தந்தை பிரான்சிஸ். நன்றி சொல்வதற்காக அழைத்திருந்தார்.

ஓர் ஆயர் ஏன் போராட்டக்காரர்களின் அட்டையைக் கையில் பிடிக்க வேண்டும்? அதற்குத் திருத்தந்தை ஏன் நன்றி சொல்ல வேண்டும்? கடல் கடந்த இந்தச் செய்திக்கும், உத்திரமேரூரைச் சுற்றி ஏரிப் பாசனத்திலும் கூலி வேலையிலும் வாழும் நமக்கும் என்ன தொடர்பு? அன்பியக் கூட்டங்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. 'அது அவங்க ஊர்ச் சண்டை, நமக்கு எதுக்கு சாமி?' என்பதுதான் பெரும்பாலும் கேள்வியின் வடிவம். கேட்பதில் தவறில்லை. பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு கடையில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற 46 வயது கறுப்பின மனிதர் கொடுத்த 20 டாலர் தாள் கள்ளநோட்டு என்று புகார் போனது. நம் பணத்தில் அன்றைக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய். வந்த போலீசார் அவருக்குக் கைவிலங்கு மாட்டித் தெருவில் குப்புறக் கிடத்தினார்கள். டெரிக் ஷாவின் என்ற அதிகாரி அவருடைய கழுத்தின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். மூச்சுவிட முடியவில்லை என்று ஃபிளாய்டு திரும்பத் திரும்பச் சொன்னார். இறந்துபோன தம் தாயைக் கூப்பிட்டார். முதலில் 8 நிமிடம் 46 விநாடி என்றார்கள். பிறகு நீதிமன்றத்தில் அது 9 நிமிடம் 29 விநாடி என்று தெரிந்தது. ஆயர் முழந்தாளிட்ட நேரக் கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றிரவு போலீஸ் தரப்பில் வந்த முதல் அறிக்கை, கைதின்போது ஒருவருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது, மருத்துவமனையில் இறந்தார் என்ற அளவில்தான் இருந்தது. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வழியில் நின்றிருந்த 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் அதைப் படம் பிடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பெண் ஓடிப்போகவில்லை, நின்று பார்த்தாள், பார்த்ததை உலகுக்குச் சொன்னாள். ஷாவின் 2021 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பானது. இருபத்திரண்டரை ஆண்டு சிறை.

ஆனால் அந்த மூன்று சொற்கள் 2020இல் பிறந்தவை அல்ல. 2012இல் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை, தெருக்காவல் பார்த்த ஒருவர் சுட்டுக் கொன்றார். 2013 ஜூலையில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். அந்த வேதனையில் அலிசியா கார்சா, பட்ரீஸ் கல்லர்ஸ், ஓபல் டொமெட்டி என்ற மூன்று கறுப்பினப் பெண்கள் தொடங்கியதுதான் அது. அடுத்த ஆண்டு ஃபெர்குசன் என்னும் ஊரில் 18 வயது மைக்கேல் பிரவுன் ஓர் அதிகாரியால் சுடப்பட்டபோது அது தெருவுக்கு வந்தது. 2020இல் உலகமெங்கும் பரவியது.

இந்த இயக்கத்தின் பெயரில் இயங்கும் ஒவ்வோர் அமைப்பும் சொல்வதையெல்லாம் திருச்சபை ஏற்கிறது என்று பொருளா? இல்லை. குடும்பம் பற்றிய சில கருத்துகளில் கத்தோலிக்கர் வேறுபடுகிறார்கள். சில நகரங்களில் கடைகள் கொளுத்தப்பட்டன, கொள்ளையும் நடந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் ஜூன் 3ஆம் நாள் பொதுச் சந்திப்பில் இரண்டையும் சொன்னார். எந்த வடிவத்திலும் வரும் இனவெறியைக் கண்டும் காணாமல் இருந்துகொண்டு மனித உயிரின் புனிதத்தைக் காக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது என்றார். வன்முறையால் எதுவும் கிடைக்காது, இழப்பதே அதிகம் என்றும் சொன்னார். நம்மில் சிலர் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறோம். முதலாவதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் இரண்டாவதுக்கு வந்தார்.

'கறுப்பர் உயிர் மட்டும்தான் உயிரா? எல்லா உயிரும் உயிர்தானே?' என்று அமெரிக்காவிலும் பலர் கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். நம் ஊர் வைரமேக தடாகத்தை நினைத்துக்கொள்வோம். ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்து ஏரி நிரம்பி, கரையில் ஓரிடத்தில் உடைப்பு எடுக்கிறது. மணல் மூட்டைகளை அந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அப்போது ஒருவர் வந்து, 'ஏன், கரை முழுக்கக் கரைதானே, எல்லா இடத்துலயும் மூட்டை போடுங்க' என்றால் அவரை என்ன சொல்வோம்? கரை எங்கே உடைகிறதோ அங்கே போடுகிற மூட்டைதான் ஏரி முழுவதையும் காப்பாற்றுகிறது.

அங்கே கரை ஏன் அந்த இடத்தில் உடைகிறது? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்கா தன் விடுதலை அறிக்கையில் எழுதிக்கொண்டது. அதை எழுதிய ஜெஃபர்சனின் பண்ணையில் அடிமைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1865 வரை அங்கே மனிதரை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிக்கத் தென் மாநிலங்களில் ரோந்துப் படைகள் இருந்தன. திருச்சபையும் அந்தப் பாவத்துக்கு வெளியே நிற்கவில்லை. 1838இல் மேரிலாந்தின் இயேசு சபையினர் தங்கள் கல்லூரியின் கடனை அடைக்க 272 அடிமைகளை விற்றார்கள். அதே நாட்டில் பிறந்த நம் இன்றைய திருத்தந்தை லியோவின் தாய்வழி மூதாதையர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கறுப்பினக் கலப்பு மரபினர் என்று ஆய்வாளர்கள் கண்டு சொன்னபோது, அங்குள்ள கறுப்பினக் கத்தோலிக்கர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம்.

ஃபிளாய்டு இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2020 ஜூன் 19, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். கொரோனா ஊரடங்கு நேரத்தில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்தார்கள் என்பது புகார். வணிகர் ஜெயராஜ் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸ் உள்ளேயே வைக்கப்பட்டார். இரவு முழுவதும் அடி. மறுநாள் நீதித்துறை நடுவரின் ரிமாண்ட் உத்தரவோடு கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி விடியற்காலையில் தந்தை இறந்தார்.

அங்கேயும் முதலில் வந்தது மூடி மறைக்கும் கதைதான். இருவரும் தரையில் புரண்டதால் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பாரதிதாசனை நிலையத்திலேயே ஒரு காவலர் மிரட்டும் தொனியில் பேசினார். என்ன சொன்னார் என்பது அன்றைக்கு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, பங்கு மடலில் அச்சிடத் தகாத சொல். நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. சேமிக்க இடம் ஏராளமாக இருந்தும் அப்படி. கடைசியில் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

அந்த நிலையத்தில் அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வாய் திறந்தார். ரேவதி என்ற அவருடைய பெயர் அன்று நாடறிந்தது. விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழித்துவிடுவார்கள் என்று நடுவரிடம் சொன்னார். நிலையத்தைச் சுற்றிச் சக காவலர்கள் நின்றிருந்தார்கள். அவர் பயந்தார் என்று நடுவரின் அறிக்கை சொல்கிறது. பயத்தோடுதான் சொன்னார், சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய் மதுரை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்தச் சாட்சி இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

பிலாத்தின் முற்றத்தில் நின்ற படைவீரர்களை நாம் ஒவ்வொரு தவக்காலத்திலும் தியானிக்கிறோம். முள்முடி சூட்டினார்கள், கோலால் அடித்தார்கள், எள்ளி நகையாடினார்கள். கற்றூணில் கட்டுண்ட இயேசுவின் சிலைக்கு முன் கண்ணீர் விடுகிறோம். அதுவும் காவலில் நடந்த சித்திரவதைதான், நண்பர்களே. அந்தப் படைவீரர்களில் ஒருவராவது ரேவதியைப் போல நடுவரிடம் போய்ச் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. நூற்றுவர் தலைவர் சொன்னார், ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்.

சாத்தான்குளம் நிகழ்ந்து ஐந்து ஆண்டு கழித்து, அதே ஜூன் மாதத்தில், 2025ஆம் ஆண்டு சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி அஜித்குமார் நகைத் திருட்டு விசாரணை என்ற பெயரில் அடிபட்டு இறந்தார். மேலும் பின்னால் போனால் 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு. 'ஜெய்பீம்' படத்தின் மூலம் அவர் கதை நம் வீடுகளுக்குள் வந்தது. திருட்டுப் பட்டம் கட்ட வசதியான சமூகம் என்று யாரையெல்லாம் ஊர் முடிவு செய்கிறதோ, அவர்கள் வீட்டுக் கதவைத்தான் ஜீப் முதலில் தட்டுகிறது. நம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வாழும் இருளர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் விசாரிக்கப்படுவது தாங்கள்தான் என்று. அமெரிக்காவில் நிறம் செய்யும் வேலையை இங்கே சாதி செய்கிறது. நிறமும் கொஞ்சம் கைகொடுக்கிறது என்பதற்கு நம் கல்யாணத் தரகர்களின் 'பெண் நல்ல சிவப்பு' என்ற பேச்சே போதும்.

உத்திரமேரூர் என்றால் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டும் குடவோலை முறையும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னே, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஏரி வாரியம், தோட்ட வாரியம் அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவன் உறவினனும் நிற்க முடியாது. இன்றைய தேர்தலுக்குக்கூட அந்த விதி வந்தால் நன்றாக இருக்கும். டில்லி வரை நம் ஊர்க் கல்வெட்டைப் பெருமையோடு பேசுகிறார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் அதே கல்வெட்டைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால், குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். ஏரியை வெட்டியவர், நாற்று நட்டவர், சேற்றில் நின்றவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. ஜெஃபர்சனின் 'எல்லா மனிதரும்' என்பதில் அடிமை சேராதது போலத்தான்.

ஆயிரம் ஆண்டு கழித்தும் நிலை பெரிதாக மாறவில்லை. 1891இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் என்பவர் இங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நம் காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அன்று அந்த மாவட்டத்தில் அடக்கம். குடியிருக்கும் மனையே மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்து வெளியேற்றலாம், நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் தடுக்கலாம் என்பதையெல்லாம் அவர் எழுதினார். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தால்தான் இவர்கள் தலை நிமிர முடியும் என்றார். அதன் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். இதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கு அல்லாமல் வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை.

விவிலியம் படிப்பவர்களுக்கு இந்த நிபந்தனை புதியதாக இராது. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார், நிலம் தம்முடையது என்கிறார். வறியவர் ஒருவர் நெருக்கடியில் விற்றுவிட்டாலும், அது அவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ திரும்ப வந்தாக வேண்டும்.

கட்டளை இருந்தும் என்ன நடந்தது? அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் படியுங்கள். அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். அரசன் ஆகாபு அதைக் கேட்கிறான். காய்கறித் தோட்டம் போட வேண்டுமாம். வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையேல் பணம் தருகிறேன் என்கிறான். வெளிப்பார்வைக்கு நியாயமான பேரம். மூதாதையரின் உரிமைச் சொத்து, தர முடியாது என்கிறார் நாபோத்து. அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுகிறான். அரசி ஈசபேல் காகிதத்தை எடுக்கிறாள். அரசன் பெயரில் மடல், அரசனின் முத்திரை, ஊர்ப் பெரியவர்களுக்கு உத்தரவு, இரண்டு பொய்ச் சாட்சிகள், கடவுளையும் அரசனையும் பழித்தான் என்ற குற்றச்சாட்டு. எல்லாம் முறைப்படி. நோன்புகூட அறிவித்தார்கள். நாபோத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்கள். பிறகு ஆகாபு இறங்கிப் போய் நிலத்தை எடுத்துக்கொண்டான்.

நிலத்தைப் பறித்தது வாள் அல்ல, பத்திரமும் பொய் வழக்கும்தான். பஞ்சமி நிலமும் அப்படித்தான் போனது. கடன், அடமானம், கைநாட்டு, பதிவேட்டில் பெயர் மாற்றம். மாமல்லபுரம் பக்கம் காரணை என்ற ஊரில் அப்படிப் போன நிலத்தை மீட்க 1994இல் மக்கள் எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் நாள் நடந்த போராட்டத்தின்போது போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. அந்த நாளில் காரணையும் நம் உத்திரமேரூரும் ஒரே மாவட்டம், செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். ஃபிளாய்டின் பெயரை நம் இளைஞர்கள் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் விழுந்த இந்த இரண்டு பெயரையும் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தமிழ்நாட்டில் பஞ்சமி நில மீட்பு என்ற சொல் ஊர் ஊராகப் பரவியது அந்த இருவரின் சாவுக்குப் பிறகுதான். ஒவ்வோர் அக்டோபரிலும் இன்றும் அவர்களை நினைவு கூர்பவர்கள் இருக்கிறார்கள்.

நாபோத்தின் கதையில் எலியா வருவது கொலைக்குப் பிறகு. கொன்றதும் போதாமல் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கத்தான் ஆண்டவர் அவரை அனுப்புகிறார். இஸ்ரியேல் நகரப் பெரியவர்கள் மடலைப் படித்த அன்றே யாராவது ஒருவர் 'இது பொய், நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் எலியா வர வேண்டிய தேவையே இருந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கதையைக் கேட்கும்போது நாம் எல்லாரும் நம்மை எலியா பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறோம். நம் திருச்சபைக்குள் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பான்மை தலித் மக்கள். அவர்களுக்குத் தனிப் பக்கம், தனிக் கல்லறை, தேர் வராத தெரு என்பது பழைய காலத்துக் கதை என்று சொல்ல ஆசைதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து எழுந்த சுவரைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. 2008 மார்ச்சில் எறையூரில், சமமான இடம் கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே நற்கருணையை வாங்கியவர்கள் இருபக்கமும். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதி நற்செய்திக்குத் தடை என்று நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கை நல்ல கொள்கை. அது எத்தனை பங்குப் பேரவைகளில் வாசிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி.

இதில் தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு பாரமும் உண்டு. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் இனத்தில் சேர மாட்டார். கோயிலுக்குள் சாதி அவரை விடுவதில்லை, அரசாங்கமோ உனக்குச் சாதி இல்லை என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10ஐ நம் கோயில்களில் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். கறுப்புக் கொடி கட்டுவது வெறும் சடங்காகிவிடாமல், ஏன் கட்டுகிறோம் என்று மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

புனித மார்ட்டின் தே போரஸை நமக்குத் தெரியும். கையில் துடைப்பத்தோடு நிற்பார். பெரு நாட்டின் லிமா நகரத்தில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். அந்த இரத்தக் கலப்பின் காரணமாகவே அவரை முழு உறுப்பினராகச் சேர்க்க முதலில் துறவற சபை விதி இடங்கொடுக்கவில்லை, எடுபிடியாகத்தான் உள்ளே போனார். 1962இல் அவரைப் புனிதராக உயர்த்திய திருச்சபை, அவரை வாசலில் நிறுத்திய திருச்சபையும்தான். அந்தத் துடைப்பத்தை நாம் தாழ்ச்சியின் அடையாளம் என்று மட்டும் பிரசங்கம் செய்து வந்திருக்கிறோம். அதை அவர் கையில் கொடுத்தது யார் என்றும் கேட்கலாம்.

ஆக, நாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய காரியங்களை இங்கே அடுக்கப் போவதில்லை. அன்பியத்தில் பேசிக்கொள்ள ஒன்றிரண்டு மட்டும்.

நிலத்தைப் பற்றி: உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் உண்டா என்பது பழைய நிலப் பதிவேடுகளில் தெரியும். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகப் பழைய பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதக் கல்லூரி படிக்கும் பிள்ளைகளைப் பழக்கலாம். அரசுப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் தமிழக முதல்வர் அறிவித்தார். பங்கின் அறிவிப்புப் பலகையிலும் தேர்பவனித் துண்டறிக்கையிலும் அந்தச் சொல் இருந்தால் நாமும் எடுத்துவிடலாம். பவனி அந்தத் தெரு வழியாகவும் போகலாம்.

காவல் நிலையத்தைப் பற்றி: காவலர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நம் பங்கிலேயே போலீஸ் குடும்பங்கள் உண்டு, ரேவதியும் காவலர்தான். ஆனால் உரிமை தெரிந்த குடும்பத்தைக் கண்டால் கை கொஞ்சம் தயங்கும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்தவை ஒவ்வொரு நிலையத்துக்கும் பொருந்தும். கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் நாளும் நேரமும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குச் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. நடுவர் முன் நிற்கும்போது அடித்திருந்தால் அங்கேயே, வாய் திறந்து, காயத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாத நேரத்தில் பெண் அதிகாரியும் நடுவரின் முன் அனுமதியும் வேண்டும்.

கைதுக் குறிப்பில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னால், முதலில் அதில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அழைத்துப் போன நேரம் ஒன்றாகவும் எழுதிய நேரம் வேறாகவும் இருந்தால், உங்கள் கையெழுத்தின் அருகே உண்மையான நேரத்தை நீங்களே எழுதுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக ஏற்பாடு செய்யும். அதற்கான எண் 15100. இரவிலும் கூப்பிடலாம்.